பழக்க ஊசி போட்ட நாள்

காலையில் முதல் ஆளாக அருப்புக்கோட்டைச் சித்தப்பா வந்தபோது சுபாஷினி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வயதானவர், பஸ் பிடித்து வந்திருக்கிறார், வாசலோடு அனுப்ப முடியாது. ஒரு நிமிடம் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று கதவைத் திறந்துவிட்டாள். உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து ஈரத்துண்டை வீசிக்கொண்டிருந்த அவள் கணவன் சோலைராஜ், சித்தப்பாவைக் கண்டதும் துண்டை மடியில் போட்டான். இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே தூக்கிக் குவித்து, "வாங்க சித்தப்பா" என்றான். அவன் வலது தோளில் ஒட்டியிருந்த பட்டை கொசு மாதிரி ரீங்கரித்தது.

"ஏங்க, கையை எறக்குங்க" என்றாள் சுபாஷினி.

இறக்கினான். சித்தப்பா உட்கார்ந்தார், தோளைப் பார்த்தார், உச்சுக் கொட்டினார், காப்பி குடித்தார், எழுந்தார். எழுந்தவருக்கு மறுபடியும் ஒரு கும்பிடு. மறுபடியும் ரீங்காரம். அவர் வாசலைத் தாண்டுவதற்குள் தெருமுனையில் சாத்தூர் அத்தை இரண்டு மருமகள்களோடு வருவது தெரிந்தது.

சோலைராஜ் பரோட்டா மாஸ்டர். விருதுநகர் பஸ் நிலையத்துக்கு எதிரே ஜெயசீலன் முதலாளியின் கடையில் வாலிபத்திலிருந்து நிற்கிறான். அந்தக் கடையில் மாவு பிசைய மெஷின் வந்துவிட்டது, உருண்டை பிடிக்க மெஷின் வந்துவிட்டது, சால்னாவைக்கூட ஒரு பெட்டி தானே தாளித்துக் கொதிக்கவைத்து இறக்கிவிடுகிறது. வீச்சுக்கும் மெஷின் வாங்கிப் பார்த்தார் முதலாளி. அடுக்கு அடுக்காகத்தான் வந்தது, சாப்பிட ஆள்தான் வரவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு மனிதன் நின்று, மாவைக் காற்றில் வேட்டி மாதிரி விரித்துக் கல்லில் போடுவதைப் பார்க்கத்தான் சனம் வந்தது. ஆகையால் மற்ற வேலைக்கெல்லாம் ஆள் போன பிறகும் வீச்சுக்கு மட்டும் ஆள் மிஞ்சியது. அந்த ஆளின் தோளில்தான் கடையே நின்றது. அந்தத் தோள் போன மாதம் கிழிந்தது.

எலும்பு முறிவு என்றால் கட்டுப்போட்டு ஊருக்குக் காட்டலாம். இது உள்ளே தசையையும் எலும்பையும் சேர்த்துக் கட்டுகிற நார். வெளியே ஒன்றும் தெரியாது. கையைத் தூக்கினால் உயிர் போகும். மூன்று மாதம் ஓய்வெடுத்தால் பாதி சரியாகலாம் என்று ஒரு டாக்டர் சொன்னார். மூன்று மாதம் என்ற சொல்லைக் கேட்டதும் முதலாளி அவரிடம் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. நேராக மதுரை ரோட்டில் புதிதாகத் திறந்திருந்த தோள் மருத்துவமனைக்குச் சோலைராஜை அனுப்பினார். செலவெல்லாம் அவருடையது. மாட்டேன் என்று சொல்கிற ஆளுக்குக் கடையில் வேலை கிடையாது, அவ்வளவுதான்.

அங்கே இருந்த ரிஸ்வானா என்கிற பெண்தான் சுபாஷினிக்கு விளக்கிச் சொன்னாள். படித்து முடித்து வந்து ஒரு வருடம்கூட ஆகியிராது. பொறுமையான பெண்.

"அக்கா, புண்ணு ஆறும்போது பொருக்குக் கட்டுதுல்ல, அந்த வேலையைத் தொடங்கி வைக்கிற அணுக்கள் நம்ம ரத்தத்துலயே இருக்கு. தட்டணுன்னு சொல்லுவோம். அண்ணன் ரத்தத்தையே கொஞ்சம் எடுத்து, மெஷின்ல சுத்தவிட்டு, அதை மட்டும் கெட்டியாப் பிரிச்சு, நார் கிழிஞ்ச எடத்துல ஊசியில போடுறோம். இது எங்க அம்மா காலத்துலயே உள்ள வைத்தியந்தான்."

"அப்பப் புதுசா எதுக்கு இம்புட்டு பேச்சு?"

"அதுகூட இப்ப ஒரு மருந்து சேக்குறோம்க்கா. புது நார் ஒரே பகல்ல வளந்துடும், அது வரைக்கும் தோளு மரத்து, வலி தெரியாது. கை எந்தப் பக்கம் இழுக்குதோ அந்தப் பக்கமாவே வரிவரியாப் படியும். சாயங்காலம் நான் வந்து பட்டையைக் கழட்டுற வரைக்கும் அண்ணன் வீச்சு மட்டும் வீசணும். மாவு வேண்டாம், ஈரத்துண்டு போதும். அப்புறம் அது வீச்சுக்குன்னே செஞ்ச தோளு. இருபது வருசத்துக்கு வலியே தெரியாது."

"மத்த வேலைக்கு?"

ரிஸ்வானா கொஞ்சம் யோசித்தாள். "மத்த வேலைக்கு இடது கை இருக்கேக்கா."

ஒரு தோளுக்கு ஒரு தடவைதான் போடலாம், இரண்டாவது தடவை பிடிக்காது என்பதையும் அவள் சொன்னாள். பகலில் வேறு மாதிரி கையை ஆட்டினால் பட்டை ரீங்கரிக்கும், நார் குழம்பிவிடும், எந்த வேலைக்கும் தனியாகப் பழகாது, அதனால் வீட்டில் ஆள் பேர் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். ஊசிக்கு ஊரில் பழக்க ஊசி என்று பெயர். சுபாஷினி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஆள் பேர் வராமல் பார்ப்பது ஒரு வேலையா என்றுதான் அப்போது நினைத்தாள்.

அவள் கணக்கில் விட்டுப்போனது இதுதான். அவர்கள் சனத்தில் ஒருவனுக்கு ஊசி போட்டால் பார்க்க வராமல் இருக்கிறவன் சொந்தக்காரன் இல்லை. வந்தவனைக் கை குவித்து வாங்க என்று கேட்காதவன் மனிதனே இல்லை. இதே அருப்புக்கோட்டைச் சித்தப்பா, ஒரு காதுகுத்து வீட்டில் யாரோ வாங்க என்று கேட்கவில்லை என்று ஏழு வருடம் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவர். கேட்காமல் விட்டவர், பாவம், பல் வலியில் தாடையைப் பிடித்துக்கொண்டு நின்றவர். அதெல்லாம் சபையில் எடுபடவில்லை. அப்படிப்பட்ட சனத்தில் ஒருவனை நாற்காலியில் உட்காரவைத்து, கையை மட்டும் குவிக்காதே என்று சொன்னால் நடக்கிற காரியமா?

சாத்தூர் அத்தைக்கு மூன்று கும்பிடு. மருமகள்களுக்கு ஆளுக்கு ஒன்று. பட்டை விடாமல் ரீங்கரித்தது. சுபாஷினியின் போன் அடித்தது.

"அக்கா, கை வேற பக்கம் போகுதுக்கா. இங்க கோடு கோடாக் காட்டுது" என்றாள் ரிஸ்வானா.

"எனக்குத் தெரியாதா தாயி? இங்க கோடுகள்லாம் காப்பி குடிச்சுக்கிட்டு இருக்கு."

அவள் போனை வைத்துவிட்டுக் கணவனைப் பின்கட்டு அறைக்கு மாற்றினாள். சொந்தக்காரர்களும் பின்கட்டுக்கு மாறினார்கள். இவ்வளவு தூரம் வந்து முகத்தைப் பார்க்காமல் போனால் நன்றாகவா இருக்கும் என்றார்கள். அவள் அவனுடைய வலது கையைத் துண்டோடு சேர்த்து ஒரு கயிற்றால் நாற்காலிக் கையில் தளர்வாகக் கட்டிப் பார்த்தாள், வீச்சுக்கு மட்டும் இடம் விட்டு. அடுத்து வந்த மச்சான் அதைப் பார்த்துப் பதறி, என்னம்மா இது, மாட்டைக் கட்டுன மாதிரி கட்டியிருக்கே என்று தன் கையாலேயே அவிழ்த்துவிட்டான். அவிழ்த்துவிட்டவனுக்கு நன்றியாக ஒரு பெரிய கும்பிடு கிடைத்தது.

கேட்டை உள்பக்கமாகப் பூட்டினாள். கேட்டுக்கு வெளியே நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். கூப்பிட்ட குரலுக்கு ஜன்னல் வழியாகச் சோலைராஜ் கையைக் குவித்தான். கடைசியில் அவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. எதிர்வீட்டு மரத்தில் ஒரு கொத்து வேப்பிலை ஒடித்து வந்து நிலைக்கதவில் செருகினாள். அம்மை போட்ட வீட்டுக்குள் யாரும் வரமாட்டார்கள்.

வெளியூர்க்காரர்கள் வரவில்லை, அது உண்மை. ஆனால் தெருவில் உள்ள பெண்கள் மஞ்சள் தண்ணீர்ச் செம்போடு வந்துவிட்டார்கள். ஆத்தா இறங்கியிருக்கிற உடம்பு என்று வாசலிலேயே நின்று, ஜன்னலுக்குள் தெரிந்த சோலைராஜைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு கும்பிட்டார்கள். சோலைராஜ் ஒவ்வொருத்திக்கும் மறுகும்பிடு போட்டான்.

"அவுக ஒங்களையா கும்பிடுறாக? ஆத்தாளைக் கும்பிடுறாக. நீங்க எதுக்குக் கையைத் தூக்குறீக?" என்று பல்லைக் கடித்தாள் சுபாஷினி.

"ஆத்தாளுக்குப் பதிலா நான்தானடி இங்க உக்காந்திருக்கேன்."

அவள் வேப்பிலையைப் பிய்த்துக் குப்பையில் போட்டுவிட்டுக் கேட்டையும் திறந்துவிட்டாள், சனம் மறுபடி உள்ளே வந்தது.

மதியத்துக்கு மேல் பவுன்ராஜ் வந்தான். அவனும் பரோட்டா மாஸ்டர்தான், முதலாளியின் சிவகாசி ரோட்டுக் கடையில் நிற்கிறவன். அந்த மருத்துவமனையில் முதன்முதலாகப் பழக்க ஊசி போட்டுக்கொண்ட ஆள் அவன். அவன் இடது கையை மட்டும் நெற்றிக்குக் கொண்டுபோய் வணக்கம் சொன்னான். வலது கை பக்கவாட்டில், பறக்கப் போகிற கோழியின் இறக்கை மாதிரி கொஞ்சம் விலகியே நின்றது. சட்டையை வலது கையில் நுழைக்காமல் தோளில் போட்டிருந்தான். வீட்டுக்காரி ஊருக்குப் போயிருக்கிறாள், மாட்டிவிட ஆள் இல்லை என்றான்.

சுபாஷினி அவனை உட்காரவைத்து, ஊசி நல்லதுதான் என்று கணவனிடம் சொல்லச் சொன்னாள். அவனும் நல்லதாகத்தான் சொன்னான். வலி என்பதே இல்லை, ஒரு நாளைக்கு எத்தனை வேண்டுமானாலும் வீசலாம், தோள் தானாகவே போய்த் தானாகவே வருகிறது என்றான். துண்டை வாங்கி நின்ற இடத்திலேயே ஒரு வீச்சு வீசிக் காட்டினான். அறையே ஒரு கணம் குளிர்ந்தது. அப்படி ஒரு வீச்சைச் சுபாஷினி பார்த்ததில்லை.

"மத்தபடி?" என்று கேட்டான் சோலைராஜ்.

"மத்தபடி என்ன, ராத்திரி ஒரு பக்கமாத்தான் படுக்கணும். பின்னாடி கை போகாது, மேல கை போகாது. பரணுல எதையும் எடுக்கச் சொல்லி இப்ப என் பொண்டாட்டி ஏவுறதே இல்ல. அதுவும் ஒரு லாபந்தான?" என்று சிரித்தான். பிறகு சிரிக்காமல், "முதுகு அரிச்சா மட்டும் செவத்துல போய்த் தேய்ச்சுக்குவேன் மாப்ள" என்றான்.

சோலைராஜ் கையை நீட்டினான். துண்டை வாங்கி இரண்டு வீச்சு வீசினான். அதற்குள் வாசலில் கார் வந்து நின்றது.

முதலாளியைப் பார்த்ததும் சுபாஷினிக்குப் போன உயிர் வந்தது. அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மிச்சமிருக்கிற சனம் கலைந்துவிடும், இன்னும் வெயில் இருக்கிறது, மிச்ச நேரத்திலாவது கை ஒரு வழிக்கு வரும். அவள் ஓடிப்போய், "அண்ணாச்சி, நீங்களாவது சொல்லுங்க. காலையிலேர்ந்து கும்பிடு போட்டே தோளு போகுது" என்றாள். அவர் முகம் சிவந்தது. உள்ளே நுழைந்து, கூடியிருந்தவர்களைப் பார்த்து, இது என்ன கல்யாண வீடா, பணம் கட்டினவன் நான், எல்லாரும் எழுந்து போங்க என்று சத்தம் போட்டார். சனம் எழுந்தது. அந்த நேரம் பார்த்துச் சோலைராஜும் நாற்காலியிலிருந்து எழுந்தான். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, இடுப்பு வளைய, "வாங்க முதலாளி" என்றான். பட்டை இதுவரை போடாத சத்தம் போட்டது.

"இருக்கட்டும், இருக்கட்டும்" என்றார் முதலாளி. ஆனால் அவர் முகத்தில் இருந்த சிவப்பு இறங்கிவிட்டது. சபையில் இத்தனை பேர் முன்னால் அப்படி ஒரு கும்பிடு. கையை இறக்குடா என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அவரும் நெஞ்சு நிமிர நின்று அதை வாங்கிக்கொண்டார். கிளம்பும்போது இன்னொன்றையும் வாங்கிக்கொண்டு போனார்.

சுபாஷினி சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலம் ரிஸ்வானா வந்து பட்டையைக் கழற்றி, கையிலிருந்த சின்னத் திரையில் அதை ஒட்டிப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். கிழிசல் மூடிவிட்டது, ஆனால் நார் எந்தப் பக்கமும் தனியாகப் படியவில்லை என்றாள். இனிமேல் எல்லாப் பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் போகும், அளவோடு வேலை செய்யலாம், நிறைய வீசினால் வலிக்கும், ஓய்வெடுத்தால் சரியாகும்.

"அப்ப என்னன்னு எழுதுவ?" என்று கேட்டாள் சுபாஷினி.

"சாதாரணத் தோள்னு எழுதணும்க்கா. எங்க ஆஸ்பத்திரியில அதுக்குத் தோல்வின்னு பேரு."

அவள் போன பிறகு சுபாஷினிக்கு ஆத்திரம் பொங்கியது. யாரிடமாவது கொட்ட வேண்டும். சாத்தூர் அத்தைதான் அகப்பட்டாள். போன் போட்டு, ஒரு மனுசன் வேலையைக் கெடுக்கத்தான் மருமகள்களையும் கூட்டிக்கொண்டு வந்தீர்களா, உங்களை யார் கூப்பிட்டது என்று மூச்சுவிடாமல் கேட்டாள். அத்தை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அமைதியாகப் பதில் சொன்னாள்.

"ஏத்தா, கூப்பிட்டது ஒன் புருசந்தான். முந்தாநாளு போனைப் போட்டு, அத்தை, ஊசி போடுறாக, எனக்குப் பயமா இருக்கு, நீங்க வந்தே ஆகணும், மருமகளுகளையும் கூட்டிட்டு வாங்கன்னான். எங்களுக்கு மட்டுமா? அருப்புக்கோட்டைக்கும் அவந்தான் போட்டிருக்கான். ஊர் பூராவும் போட்டிருக்கான்."

சுபாஷினி போனைக் கீழே வைத்தாள். கூடத்தில் சோலைராஜ் நின்றுகொண்டிருந்தான். வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே, மெதுவாக, முகம் சுளித்து, சொறிந்துகொண்டிருந்தான். எட்டியது.

"நீங்களா கூப்பிட்டீக?"

அவன் கையை எடுக்கவில்லை. "பவுன்ராஜு வீட்டுக்குப் போன மாசம் போயிருந்தேன் சுபா. அவன் பொண்டாட்டி அவனுக்குச் சட்டை மாட்டிவிட்டுக்கிட்டு இருந்தா. அந்தக் கை அவனுக்கு ஒதவ மாட்டேங்குது. கடைக்குத்தான் ஒதவுது. முதலாளிக்கிட்ட மாட்டேன்னு சொன்னா வேலை போயிரும். சரின்னு சொன்னா கை போயிரும்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ இம்புட்டுச் சத்தம் போட்டு வெரட்டியிருப்பியா? நீ வெரட்டுன வெரட்டுக்குத்தான், நான் வேணும்னு செய்யலன்னு முதலாளி நம்புனாரு."

அவளுக்கு அழுகை வந்ததா சிரிப்பு வந்ததா என்று சொல்வது கஷ்டம். எது வந்திருந்தாலும் வெளியே விடவில்லை. போய் அடுப்பைப் பற்றவைத்தாள். நாளைக்கு எதை வைத்துச் சாப்பிடுவதாக இருக்கிறோம் என்று அடுப்பைப் பார்த்துக் கேட்டாள்.

முதலாளி வேலையை விட்டு நிறுத்தவில்லை. சபையில் வாங்கிய கும்பிடு அந்த அளவுக்கு உதவியது. ஆனால் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து சோலைராஜை எடுத்துப் பார்சல் கட்டுகிற இடத்தில் போட்டார், சம்பளத்தையும் அதற்குத் தக்கபடி இறக்கினார். வீச்சுக்குத் திருவண்ணாமலைப் பக்கமிருந்து இன்பராஜ் என்று ஒருவனைக் கூட்டி வந்தார். இருபத்தைந்து வயதிருக்கும். கூட்டம் பார்க்கிறது என்று வேகமாக வீசினான். மழைக்காலம் முடிவதற்குள் அவன் தோளும் கிழிந்தது.

அதற்குள் சுபாஷினி வீட்டுச் செலவை இழுத்துப் பிடித்துச் சலித்துப் போயிருந்தாள். மாவு பாக்கெட்டைச் சின்னதாக வாங்கினாள். கணவனைத் திட்டுவதை மட்டும் குறைக்கவில்லை. அவன் காலையில் தானே சட்டை போட்டுக்கொண்டு, பட்டனைத் தப்புத் தப்பாக மாட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு எரிச்சலாக வரும். அந்த எரிச்சலில் ஏதோ ஒரு நிம்மதியும் கலந்திருப்பது அவளுக்குத் தெரியும். அதை அவனிடம் சொல்லவில்லை.

அப்போதுதான் முதலாளி வீடு தேடி வந்தார். இன்பராஜுக்கு நாளைக்குப் பழக்க ஊசி போடுகிறார்கள் என்றார். இந்தத் தடவை ஒரு ஈ உள்ளே போகக்கூடாது. அவன் பெண்டாட்டி மில்லில் பகல் ஷிப்ட். காவலுக்கு ஆள் வேண்டும்.

"ஒன்னை மாதிரி வாயி யாருக்கும்மா இருக்கு? அன்னைக்கு நீ வெரட்டுனதைத்தான் ஊரே பேசுது. நீ போய் வாசல்ல உக்காரு தங்கச்சி. ஒருத்தனையும் விடாத. கை நல்லாப் படிஞ்சிருச்சுன்னா, நான் தொறக்கப்போற புதுக் கடைக்குச் சோலைதான் சூப்பர்வைசர்."

சுபாஷினி சரி என்றாள். யோசிக்காமலா சொன்னாள் என்றால், யோசித்துத்தான் சொன்னாள்.

இன்பராஜின் வீடு ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம், ஒரு மாடிக்கு அடியில் ஒற்றை அறை. ரிஸ்வானா காலையிலேயே ஊசி போட்டுப் பட்டையை ஒட்டிவிட்டுப் போயிருந்தாள். அவன் கட்டிலில் உட்கார்ந்து ஈரத்துண்டை வீசிக்கொண்டிருந்தான். சுபாஷினி முந்தானையைச் செருகிக்கொண்டு வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். வருகிறவனை என்ன கேட்டு விரட்டுவது என்று வரும் வழியெல்லாம் மனதுக்குள் தயார் செய்து வைத்திருந்தாள்.

ஒருத்தரும் வரவில்லை.

வெயில் ஏறியது. ஒரு நாய் வந்து பார்த்துவிட்டுப் போனது. கூரியர் ட்ரோன் ஒன்று மாடி வீட்டில் எதையோ போட்டுவிட்டுப் போனது. உள்ளே துண்டு ஒரே சீராக, தப்பில்லாமல் வீசிக்கொண்டிருந்தது. பட்டை ஒரு தடவைகூட ரீங்கரிக்கவில்லை. திட்டுவதற்கு ஆள் இல்லாமல் சும்மா உட்கார்ந்திருப்பது சுபாஷினிக்கு முன்பைவிடப் பெரிய எரிச்சலாக இருந்தது. எழுந்து உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"ஏப்பா, ஒனக்குச் சனமே கெடையாதா? ஒருத்தரும் எட்டிப் பாக்கல?"

"இல்லக்கா. நான் ஹாஸ்டல்ல வளந்தவன். என் வீட்டுக்காரி வீட்ல எங்க கல்யாணத்துக்கப்புறம் பேசறதில்ல."

அவன் ஒரு வீச்சு வீசி, துண்டை மடித்து, மறுபடி கையில் எடுத்தான். அவளைப் பார்க்காமலே கேட்டான்.

"அக்கா, சோலை அண்ணன் சட்டையத் தானே போட்டுக்கறாராமே?"

"போட்டுக்குவாக. பட்டன் ஒண்ணும் நேரா இருக்காது, அது வேற."

"தலை சீவிக்கறாரா?"

"சீவுறதுக்கு அங்க என்ன இருக்கு?"

அவன் சிரித்தான். பிறகு துண்டைப் பார்த்துக்கொண்டே, "அண்ணன் குடுத்து வெச்சவருக்கா" என்றான். "கூப்பிட்டா வர்றதுக்கு அவ்ளோ பேர் இருந்தாங்க."

சுபாஷினி திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். சூப்பர்வைசர் சம்பளத்தை நினைத்துப் பார்த்தாள். புதுக் கடைக்கு ஏசி போடுகிறார்களாம். பார்சல் கட்டுகிற இடத்தில் நின்று நின்று அவள் புருசனுக்குக் கால் வீங்குகிறது. உள்ளே துண்டு காற்றை வெட்டுகிற சத்தம் கேட்டது. அழகான சத்தம். சாயங்காலத்துக்குள் படிந்துவிடும். "எனக்குன்னு வந்து வாய்க்குது பாரு" என்று வாய்விட்டுச் சொன்னாள். இன்னும் கொஞ்சம் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, ரயில்வே கேட் டீக்கடைவரை நடந்தாள். டீ குடிக்கவில்லை. அங்கேயே திரும்பி, வந்த வழியே வந்து, வாசற்படிக்கு வெளியே நின்றாள்.

இன்பராஜ் நிமிர்ந்து பார்த்தான். "என்னக்கா, எதையாச்சும் மறந்துட்டீங்களா?"

"வீடு தேடி வந்தவளை வாங்கன்னு கேக்க மாட்டியா? என்ன பழக்கம் இது?"

அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் துண்டு மடியில் விழுந்தது. இரண்டு கைகளையும் தயங்கித் தயங்கிக் குவித்தான். "வாங்கக்கா" என்றான். பட்டை ரீங்கரித்தது.

"இம்புட்டுத்தான் தூக்குவியா? நெஞ்சு வரைக்கும் தூக்கு."

அவள் உள்ளே வந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்து, ஊரில் மழை எப்படி என்று விசாரித்து, போய்ட்டு வாரேன் என்று எழுந்தாள். போகிறவளுக்கும் ஒரு கும்பிடு வந்தது. அவள் வாசலுக்குப் போவதற்குள் போன் அடித்தது. ரிஸ்வானாதான்.

"அக்கா, கை வேற பக்கம் போகுது. யாரு வந்திருக்கா?"

"ஒருத்தரும் வரல தாயி. நான் ஒருத்திதான் இருக்கேன்."

"சரிக்கா" என்று மெதுவாகச் சொல்லி ரிஸ்வானா போனை வைத்தாள்.

சுபாஷினி தெருவில் இறங்கி மறுபடி டீக்கடைவரை நடந்தாள். நல்ல வெயில். முட்டி வலித்தது. இந்த வயதில் இந்த நடை தேவையா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திரும்பி வரும்போது முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். வாசற்படியில் நின்று, குரலைக் கொஞ்சம் நடுங்கவிட்டு, "இந்தா, ஒன்னையப் பாக்க ஒங்க பெரியம்மா வந்திருக்கேன்" என்றாள்.

"வாங்க பெரியம்மா" என்று இன்பராஜ் கட்டிலை விட்டு எழுந்து நின்றான்.